டார்வின் முதல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை: கட்டணமின்றிக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பது. அடுத்த கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பது. நான்கைந்து பேர் உள்ள குடும்பம் ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில் நின்றாலே நுழைவுச்சீட்டுக்கு ஒரு வாரச் செலவு போய்விடுகிறது. அதனால் பல குடும்பங்கள் பயணமே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுகின்றன. பிள்ளைகளின் விடுமுறை கைப்பேசித் திரையிலேயே கரைகிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியம் இதற்கு நல்ல மாற்று. நார்தர்ன் டெரிட்டரி என்று அங்கே அழைக்கப்படும் இந்தப் பகுதிக்குப் போக விமானச் சீட்டும், தங்க இடமும், வாடகை வண்டியும் மலிவு அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் போய்ச் சேர்ந்தபின் பார்க்கத்தக்கவற்றில் பெரும்பகுதிக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. சிட்னி, மெல்பர்ன் நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கும், அங்குள்ள உறவினரைப் பார்க்க ஊரிலிருந்து செல்பவர்களுக்கும் உதவும் என்று இந்தத் தகவல்களைத் தொகுத்துத் தருகிறோம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இங்கே இலவசமாகக் கிடைப்பவை கடல், ஆறு, சுனை, பாறை, வானம் ஆகியவை. இவற்றுக்கு வாசலில் காவலர் இருப்பதில்லை. எந்த நீரில் இறங்கலாம், எந்த மாதத்தில் போகலாம், எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நிலமும் பருவமும்

வடக்குப் பிராந்தியத்தின் பரப்பு சுமார் 13.5 லட்சம் சதுர கி.மீ. நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. மக்கள்தொகையோ ஏறத்தாழ இரண்டரை லட்சம்தான். அதில் பாதிக்கு மேல் தலைநகர் டார்வினிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். தெற்கே சுமார் 1,500 கி.மீ. தொலைவில், நாட்டின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை.

பூமத்திய ரேகைக்கு வடக்கே சென்னை எவ்வளவு தூரமோ, தெற்கே டார்வின் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். ஆகவே டார்வினின் வெயிலும் புழுக்கமும் நமக்குப் புதிதல்ல. மா, புளி, தென்னை என்று மரங்களும் பழகியவையே. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அப்படியல்ல. 'அவுட்பேக்' என்று சொல்லப்படும் செம்மண் வறள்நிலம் அது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்; ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். பாலைநிலம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர்கள் முதல் இரவிலேயே நடுங்குவார்கள்.

டார்வினில் இரண்டே பருவங்கள். மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். மழை அரிது, வானம் தெளிவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். இடி, வெள்ளம், சில ஆண்டுகளில் புயல். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிச் சாலைகளும் நீராடும் இடங்களும் மூடப்படும். குடும்பத்தோடு செல்வோருக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே சிறந்தவை. ஆஸ்திரேலியப் பள்ளிகளின் நடு ஆண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறையில் செல்வோர் ஏப்ரலைத் தவிர்த்து, மே இரண்டாம் பாதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

முதல் பாடம்: எந்த நீரில் இறங்கலாம்?

வடக்குப் பிராந்தியத்தில் உப்புநீர் முதலைகள் சுமார் ஒரு லட்சம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. வேட்டையால் அழிந்துவந்த இவற்றுக்கு 1971ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது; அதன் பின் பெருகிவிட்டன. 'உப்புநீர்' என்ற பெயரைப் பார்த்துக் கடலில் மட்டும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஆறு, ஓடை, குளம், சதுப்பு நிலம் என எங்கும் வரும். தண்ணீர் அமைதியாக இருப்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல.

அங்குள்ள அதிகாரிகள் சொல்லும் விதி எளியது: நீந்தலாம் என்று அறிவிப்புப் பலகை உள்ள இடத்தில் மட்டும் நீந்துங்கள். மற்ற இடங்களில் நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மீன் கழுவுவது, பாத்திரம் கழுவுவது, ஒளூச் செய்வது எதற்கும் ஆற்றங்கரையில் குனிய வேண்டாம். வண்டியில் ஒரு கேன் தண்ணீர் இருக்கட்டும்.

கடலில் இன்னொரு ஆபத்து, நம் மீனவர்கள் 'சொறி' என்று சொல்லும் ஜெல்லி மீன். வட ஆஸ்திரேலியக் கடலில் உள்ள பெட்டி ஜெல்லி மீனின் கொடுக்கு உயிரையே பறிக்கக்கூடியது. அக்டோபர் முதல் மே வரை இதன் காலம். டார்வின் கடற்கரைகள் அழகானவை; ஆனால் உள்ளூர் மக்களே அங்கே நடப்பதற்கும் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கும்தான் போகிறார்கள், குளிப்பதற்கு அல்ல.

பிள்ளைகள் பயமின்றி விளையாட

கடலில் இறங்க முடியாத ஊர் என்பதாலேயே டார்வின் நிர்வாகத்தினர் பாதுகாப்பான நீர்விளையாட்டு இடங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாக அமைத்திருக்கிறார்கள்.

லீன்யர் பொழுதுபோக்குப் பூங்கா இவற்றுள் முதன்மையானது. நீச்சல் குளம், பெரிய நீர்ச்சறுக்குகள், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான நீர்த்தெளிப்பு விளையாட்டு, நிழற்கூடங்கள், புல்வெளி அனைத்தும் உண்டு. டார்வினை ஒட்டிய பாமர்ஸ்டன் நகரிலும் இதே போன்ற இலவச நீர்ப்பூங்கா இருக்கிறது. அங்கே பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து போட்டி போட்டுச் சறுக்கலாம். சறுக்குகள் இயங்கும் நேரமும் பராமரிப்புக்காக மூடும் நாட்களும் மாறும் என்பதால் காலையில் இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஈஸ்ட் பாயிண்ட் பகுதியில் உள்ள அலெக்சாண்டர் ஏரி, கடல்நீரால் நிரம்பிய செயற்கை ஏரி. கரையில் விளையாட்டுத் திடலும் உண்டு. மாலையில் அதே பகுதியின் புல்வெளிகளில் வாலபி எனப்படும் சிறிய கங்காருக்கள் மேய வரும். கூண்டின்றி, கட்டணமின்றிப் பிள்ளைகள் பார்க்கலாம். உணவு மட்டும் கொடுக்கக் கூடாது. அருகிலேயே அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் மரப்பாலமும், இரண்டாம் உலகப் போர்க்கால பீரங்கி மேடைகளும் உள்ளன.

நகர மையத்தின் வாட்டர்ஃபிரண்ட் பகுதியில் தடுப்புச் சுவருக்கும் வலைக்கும் உள்ளே அமைந்த கடற்குளம் இலவசம். பக்கத்திலேயே உள்ள அலைக்குளத்துக்கு மட்டும் கட்டணம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் பெண்கள் தயங்கும் இடம் இதுதான் என்பதால் ஒன்றைச் சொல்கிறோம். உடலை முழுமையாக மறைக்கும் 'புர்கினி' நீச்சல் உடை, சிட்னியில் வாழும் லெபனான் வம்சாவளிப் பெண்மணி அஹேதா ஸனெட்டி வடிவமைத்தது. ஆஸ்திரேலியாவில் அது பழகிப்போன உடை. பருத்திச் சுடிதாருடன் குளத்தில் இறங்கினால் காவலர் தடுக்கலாம். நீச்சல் துணியில் தைத்த முழு உடையென்றால் தடை இருக்காது. வெயில் சுட்டெரிப்பதால் அங்குள்ள பிள்ளைகளே முழுக்கைச் சட்டையுடன்தான் நீந்துகிறார்கள்.

கடற்கரையும் தோட்டமும்

நைட்கிளிஃப் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிழவர் முதல் குழந்தை வரை நடக்கலாம். சமதளமான பாதை, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் எளிதாகப் போகும். டார்வினின் அலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 8 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. காலையில் பார்த்த கடல் மதியம் வெகுதூரம் பின்வாங்கிச் சேற்றுவெளியாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அலையேற்றத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கேசுவரினா கடற்கரை காப்புப் பகுதி, நமக்குத் தெரிந்த மரத்தின் பெயரைத் தாங்கியது. கேசுவரினா என்றால் சவுக்கு. நம் கடலோரங்களில் நட்டு வளர்க்கப்படும் சவுக்கின் தாயகங்களில் வட ஆஸ்திரேலியாவும் ஒன்று. மணல்மேடும் செம்பாறைக் கரையும் கொண்ட அழகான இடம். ஆனால் ஓர் எச்சரிக்கை: இங்கே 'ஃப்ரீ பீச்' என்றொரு பகுதி இருக்கிறது. அது இலவசக் கடற்கரை என்று பொருள்படும் பெயரல்ல. ஆடையின்றிக் குளிப்போருக்கென ஒதுக்கப்பட்ட இடம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் பலகையைப் படித்து மறுபக்கம் போய்விடுங்கள்.

1886ல் தொடங்கிய ஜார்ஜ் பிரவுன் தாவரவியல் பூங்கா 42 ஹெக்டேர் பரப்புள்ளது, நுழைவு இலவசம். பெருமரங்களின் நிழலில் பாய் விரித்து மதிய உணவை முடித்துக்கொள்ளலாம். நகரை ஒட்டிய சார்லஸ் டார்வின் தேசியப் பூங்காவில் போர்க்காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த கிடங்குகள் இன்றும் மண்மூடி நிற்கின்றன. அங்கிருந்து துறைமுகமும் நகரமும் ஒரே பார்வையில் தெரியும்.

புயலும் போரும் சொல்லும் பாடம்

ஃபேனி பே பகுதியில் உள்ள வடக்குப் பிராந்திய அருங்காட்சியகமும் கலைக்கூடமும் பிள்ளைகளோடு அரைநாள் செலவிடத்தக்க இடம். நிரந்தரக் காட்சிகளை நெடுங்காலமாகக் கட்டணமின்றியே பார்க்க அனுமதித்து வந்திருக்கிறார்கள். சிறப்புக் கண்காட்சிகள் உள்ளிட்ட தற்போதைய விவரத்தைப் போகும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாசல் தாண்டியதும் பிள்ளைகள் தேடுவது 'ஸ்வீட்ஹார்ட்' என்ற முதலையை. 5.1 மீட்டர் நீளம். 1970களில் ஃபின்னிஸ் ஆற்றில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் தாக்கிவந்தது. 1979ல் பிடிக்கும்போது இறந்தது. அதன் உடல் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலை எச்சரிக்கையை ஆயிரம் முறை வாயால் சொல்வதைவிட இதன் முன் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். அதனால் பயணத்தின் முதல் நாளிலேயே இங்கே வந்துவிடுவது நல்லது.

இன்னொரு கூடம் டிரேசி புயலைப் பற்றியது. 1974 டிசம்பர் 24 இரவு முதல் 25 அதிகாலை வரை வீசிய அந்தப் புயலில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். டார்வினின் பெரும்பாலான வீடுகள் அழிந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். இருண்ட சிறு அறையில் அந்த இரவில் பதிவான புயலின் ஓசையைக் கேட்கலாம். தானே, கஜா புயல்களை அனுபவித்த டெல்டா மாவட்டத்தாருக்கு அந்த ஓசை விளக்கம் இல்லாமலே புரியும். சிறு பிள்ளைகள் பயப்படலாம். அவர்களை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் மீது குண்டு வீசின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று தகர்ந்த அஞ்சலகம் இருந்த இடத்தில்தான் இன்றைய பிராந்திய நாடாளுமன்றக் கட்டடம் நிற்கிறது. உள்ளே போய்ப் பார்க்கக் கட்டணம் இல்லை.

மகாசர் கடலோடிகள்: நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு

அதே அருங்காட்சியகத்தின் படகுக் கூடத்துக்கு நம் குடும்பங்கள் அவசியம் போக வேண்டும். அங்கே 'ஹாத்தி மாரெகே' என்ற பாய்மரக் கலம் உள்ளது. 1988ல் இந்தோனேசியாவின் மகாசரிலிருந்து ஆர்னெம் லேண்ட் கரைக்கு, பழைய கடல்வழியை நினைவுகூர்ந்து ஓட்டிவரப்பட்ட கலம் அது. மாரெகே என்பது மகாசர் மக்கள் அந்தக் கரைக்கு வைத்திருந்த பெயர்.

ஆஸ்திரேலியாவின் வடகரையில் ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே, சுலவேசித் தீவின் மகாசரைச் சேர்ந்த முஸ்லிம் கடலோடிகள் ஆண்டுதோறும் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். டிசம்பரில் வீசும் வடமேற்குப் பருவக்காற்றில் வருவார்கள். கடல் அட்டை எடுத்து, வேகவைத்து, புகையில் உலர்த்துவார்கள். காற்று திரும்பியதும் ஊருக்குத் திரும்புவார்கள். சரக்கு கடைசியில் சீனச் சந்தைக்குப் போகும். கடல் அட்டை என்றால் என்னவென்று கீழக்கரை, மண்டபம் பகுதி மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பருவக்காற்றை நம்பிக் கலம் செலுத்தி வாணிபம் செய்த மரைக்காயர்களின் வாழ்க்கையும் இதைப் போன்றதுதான்.

1803 பிப்ரவரியில் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி ஆர்னெம் லேண்ட் கரையோரம் இவர்களைச் சந்தித்தார். அவர்களின் தலைவர் பெயர் பொபாசூ. அறுபது கலங்களில் சுமார் ஆயிரம் பேர் வந்திருப்பதாக ஃபிளிண்டர்ஸுக்குச் சொல்லப்பட்டது. நிலத்தைக் கைப்பற்றுவது மகாசர் மக்களின் நோக்கமல்ல. வணிகம் செய்தார்கள், அங்கிருந்த யோல்ஙு மக்களுடன் பொருள் மாற்றிக்கொண்டார்கள், மணவுறவும் கொண்டார்கள். பூசல்களும் இல்லாமல் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக உறவு நீடித்தது. யோல்ஙு மொழிகளில் பணத்துக்கு 'ரூபியா' என்ற சொல்லும், வெள்ளையருக்கு 'பலாண்டா' என்ற சொல்லும் மகாசர் வழியாக வந்தவை. அவர்கள் தங்கிய இடங்களில் முளைத்த புளியமரங்கள் வடகரையில் இன்றும் நிற்கின்றன. உரிமம், வரி என்று கெடுபிடிகளை விதித்த அன்றைய ஆஸ்திரேலிய ஆட்சியாளர்கள் 1907ல் இந்தப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் வளரும் நம் பிள்ளைகளிடம் "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்று யாராவது சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த மண்ணின் மூத்த குடிகளுடன் முஸ்லிம்களுக்கு இருந்த பழைய உறவை ஒரு கலத்தின் முன் நிறுத்திக் காட்டுவதைவிட நல்ல பாடம் என்ன இருக்கிறது?

மாலைச் சந்தை

ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை, வியாழன், ஞாயிறு மாலைகளில் மிண்டில் கடற்கரையில் சந்தை கூடும். நுழைவு இலவசம். தென்கிழக்கு ஆசிய உணவுகள், கைவினைப் பொருட்கள், இசை என்று களைகட்டும். சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் எல்லோரும் மணல்மேட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது 6.30 மணியை ஒட்டி. மறைந்ததும் மஃக்ரிப். கூட்டம் கலையும்வரை காத்திராமல் கரையோரத்தில் ஒதுங்கித் தொழுதுவிடலாம். டார்வினில் கிப்லா மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 20 டிகிரி. சென்னையில் நாம் நிற்கும் திசைக்குக் கிட்டத்தட்ட அதே கோணம்தான்.

ஜூலை 1 பிராந்திய நாள். அன்று இரவு மட்டும் பொதுமக்கள் பட்டாசு வெடிக்க அனுமதி உண்டு. மிண்டில் கடற்கரையில் வாணவேடிக்கை இலவசம். ஊர் முழுதும் நள்ளிரவு நெருங்கும்வரை அதிரும். கைக்குழந்தை உள்ளவர்கள் கவனிக்க.

தெற்கே போகும் வழி

டார்வினிலிருந்து தெற்கே சுமார் 320 கி.மீ. போனால் கேத்ரின் நகரம். அங்குள்ள வெந்நீர்ச் சுனை ஊருக்குள்ளேயே இருக்கிறது, கட்டணமில்லை. 'வெந்நீர்' என்றாலும் கொதிக்காது; இதமான வெதுவெதுப்பு. அதைத் தாண்டி நூறு கி.மீ. சென்றால் மடராங்கா சுனை. ஆண்டு முழுதும் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டுமே மழைக்காலத்தில் மூடப்படலாம். முதலை உள்ளே வந்துள்ளதா என்று ஊழியர்கள் சோதித்து, திறந்திருக்கிறது என்று பலகை வைத்த பிறகே இறங்க வேண்டும்.

டென்னன்ட் கிரீக் நகருக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் கார்லு கார்லு. சமவெளியில் உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, தள்ளினால் விழுந்துவிடும் போல நிற்கின்றன. யாரும் கொண்டுவந்து அடுக்கியவை அல்ல. விரிசல் விட்ட கருங்கல் பாளம் கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் மூலை மழுங்கி உருண்டையானது. மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதே பாறை நூற்றுக்கணக்கில் கிடப்பது போலத் தோன்றும். மூத்த குடிகளுக்கு இது மதிப்புக்குரிய நிலம். ஏற வேண்டாம் என்று பலகை உள்ள பாறைகளில் ஏற விடாதீர்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: ஒட்டகக்காரர்களின் ஊர்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் முதலில் ஆன்சாக் குன்றின் மேல் ஏறுங்கள். வண்டியிலேயே மேலே போகலாம், கட்டணமில்லை. ஊரும் அதைச் சூழ்ந்த செம்மலைத் தொடரும் ஒரே பார்வையில் தெரியும். கீழே தெரியும் டாட் ஆற்றில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் ஓடும். வைகையின் கோடைக்கால மணற்பரப்பைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஊருக்கு வடக்கே பழைய தந்தி நிலையம். 1872ல் டார்வினையும் தெற்குக் கரையையும் இணைத்துப் போடப்பட்ட தந்திக் கம்பியின் நடுநிலையம் அது. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும், அதன்பின் நம் மெட்ராஸுக்கும் போய் லண்டன் வரை தொடர்ந்தது. பழைய கட்டடங்களுக்குள் செல்லக் கட்டணம் உண்டு. சுற்றியுள்ள புல்வெளியிலும் நடைபாதைகளிலும் கட்டணமின்றி உலாவலாம். பாலைத் தாவரங்களைக் காட்டும் ஆலிவ் பிங்க் தாவரவியல் தோட்டத்துக்கும் கட்டணமில்லை. விரும்பினால் நன்கொடை போடலாம்.

இந்த வறள்நிலத்தில் தந்திக் கம்பமும், மாவு மூட்டையும், கம்பளியும் ஒட்டகத்தின் முதுகில்தான் போயின. 1860 முதல் ஒட்டகங்களோடு ஒட்டகக்காரர்களும் கப்பலேறி வந்தார்கள். ஆஃப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு; பெரும்பாலோர் முஸ்லிம்கள். போன இடங்களில் பேரீச்ச மரம் நட்டார்கள். தகரமும் மண்ணும் கொண்டு சிறு பள்ளிவாசல்கள் கட்டினார்கள். குடும்பத்தை அழைத்துவர வழியில்லாமல் தனியே வாழ்ந்து மறைந்தவர்கள் பலர். மூத்த குடிப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றியவர்களும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாழ்கிறார்கள். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் 'தி கான்' ரயிலின் பெயர் ஆஃப்கான் என்பதன் சுருக்கம் என்றே சொல்லப்படுகிறது. அந்த ரயில் 1929ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டியது. ரயிலும் லாரியும் வந்தபின் ஒட்டகங்களுக்கு வேலை இல்லாமல் போனது; அவிழ்த்துவிடப்பட்டவற்றின் வாரிசுகளே இன்று பாலையில் திரியும் காட்டு ஒட்டகங்கள்.

இரவு வானத்தைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். ஊர் விளக்குகளை விட்டுச் சற்றே விலகினால் பால்வீதி முழுதும் தெளியும். தமிழ்நாட்டில் தென்திசையில் தாழத் தெரியும் தென்சிலுவை விண்மீன்கள் இங்கே உயர எழுந்து நிற்கும்.

கட்டணம் உள்ளவை எவை?

உலுரு, ககாடு ஆகிய பெரிய தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். உலுருவில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுரு சாலைவழி 450 கி.மீ.க்கு மேல், 'பக்கத்தில்தானே' என்று ஒரே நாளில் போய்வர நினைக்க வேண்டாம். மூத்த குடிகளின் விருப்பப்படி 2019 அக்டோபர் முதல் அந்தப் பாறையில் ஏறத் தடை உள்ளது.

பிராந்திய அரசின் பூங்காக்களில் பலவற்றுக்கு 2023ல் வெளியூர்ப் பயணிகளுக்கான அனுமதிச்சீட்டு முறை வந்தது. பிராந்தியத்தில் குடியிருப்போருக்கு விலக்கு. லிட்ச்ஃபீல்ட், மடராங்கா, சிம்ப்சன்ஸ் கேப் போன்ற இடங்களுக்குப் போகும் முன் பூங்காத் துறையின் இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள்.

உணவு, தொழுகை, சாலை

டார்வினின் வாங்குரி பகுதியிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. ஜும்ஆ நாளை இந்த ஊர்களில் இருக்குமாறு திட்டமிட்டால் தொழுகையோடு ஹலால் கடை விவரமும் கிடைத்துவிடும். இடைப்பட்ட நெடுஞ்சாலையில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க முடியாது. அரிசி, பருப்பு, முட்டை, டின் மீன், ஒரு சிறிய குக்கர் இருந்தால் வழி முழுதும் கவலையில்லை.

பூங்காக்களில் பொதுமக்களுக்கான இலவச மின்னடுப்புத் தட்டுகள் இருக்கும். அதே தட்டில் பன்றி இறைச்சியும் சுட்டிருப்பார்கள் என்பதால் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக விரித்தோ, சொந்தத் தவாவை வைத்தோ சமையுங்கள்.

நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் மணிக்கு 130 கி.மீ. வரை அனுமதி. 50 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள 'ரோடு டிரெயின்' லாரிகள் ஓடும்; முன்னால் வெகுதூரம் சாலை வெறுமையாக இருந்தால் ஒழிய அவற்றை முந்தாதீர்கள். மாலைக்குப்பின் கங்காருவும் மாடும் குறுக்கே வரும். இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். ஊரை விட்டு வெளியேறினால் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் இருக்காது. எந்த ஊரில் எரிபொருள் கண்டாலும் நிரப்புங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும். வண்டி பழுதாகி நின்றால் அதை விட்டு நடந்து போகாதீர்கள்; தேடுவோருக்கு மனிதரைவிட வண்டி எளிதில் கண்ணில் படும். அவசர உதவிக்கு 000.

முழுத் தொலைவும் ஓட்ட நேரமில்லாதவர்கள் டார்வினில் மட்டும் நான்கு நாட்கள் தங்கினாலே போதும். முதல் நாள் அருங்காட்சியகமும் தாவரவியல் பூங்காவும். இரண்டாம் நாள் லீன்யர் நீர்ப்பூங்கா, மாலையில் ஈஸ்ட் பாயிண்ட். மூன்றாம் நாள் நாடாளுமன்றம், வாட்டர்ஃபிரண்ட் கடற்குளம். நான்காம் நாள் சார்லஸ் டார்வின் பூங்கா, நைட்கிளிஃப் நடை. இவற்றில் ஒரு மாலை வியாழனாகவோ ஞாயிறாகவோ அமைந்தால் மிண்டில் சந்தை. அருங்காட்சியகத்தைத் தவிர வேறெங்கும் கட்டணம் விசாரிக்க வேண்டிய தேவையே இராது.

டார்வின் லராக்கியா மக்களின் நிலம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அரெண்டா மக்களின் நிலம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அவர்கள் காத்துவந்ததைத்தான் நாம் காசின்றிப் பார்க்கிறோம். குப்பை போடாமல், பாறையில் பெயர் கிறுக்காமல், அனுமதியின்றி மனிதர்களைப் படமெடுக்காமல் திரும்புவது விருந்தாளிகளான நம் கடமை. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லியே அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.